பூப்பந்தாட்ட வீராங்கனை தினா முரளிதரனும் நமது பெண்பிள்ளைகளும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

இம்மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பலர் வந்து பேசியிருக்கின்றனர். இலக்கியம், சமயம், கல்வி, சமூகசேவை என்ற பெரிய பொருள்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அந்த வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்று விளையாட்டைப் பற்றிப் பேசப்போகின்றாள் என்று செயலாளர் அறிவித்தபோது, முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்ததை நான் கவனித்தேன். அப்புன்னகையை நான் பிழையாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு முடியும்வரை அதனை அப்படியே வைத்திருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கின்றேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மலேசிய நாட்டுப் பூப்பந்தாட்ட வீராங்கனை தினா முரளிதரன் அவர்களுடைய விளையாட்டு வாழ்க்கை. முரளிதரன் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் நினைவு கண்டியிற் பிறந்து டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய நமது நாட்டு வீரரிடம் ஓடியிருக்கும். அவருக்கும் இவருக்கும் பெயர் ஒன்றே அன்றி வேறு தொடர்பில்லை. இவர் 1998ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3ஆம் திகதி சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்த கிள்ளான் நகரிற் பிறந்த தமிழ்ப் பெண்.

கிள்ளான் என்ற பெயர் இச்சபையிலுள்ள முதியவர்களுக்குப் புதிதாக இருக்க முடியாது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிற் பாலெடுக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் கப்பலேறிச் சென்றனர். நமது இலங்கையிலிருந்தும், சிறப்பாக யாழ்ப்பாணத்திலிருந்தும், படித்தவர்கள் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்றனர். அவர்களிற் சிலர் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பி 'மலாயன் பென்சன்காரர்' என்ற பெயருடன் வாழ்ந்ததை நம் பாட்டன்மார் கதைகதையாகச் சொல்வர். திரும்பாது அங்கேயே தங்கிய தமிழ்மக்கள் அந்நாட்டின் பிரசைகளாகி, அந்நாட்டின் விளையாட்டைத் தமது விளையாட்டாக்கிக் கொண்டனர். மலேசியாவில் அந்த விளையாட்டு பூப்பந்தாட்டம். நமது ஊர்களில் மாலைப்பொழுதிற் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் போல அங்கே மூலைக்கு மூலை பூப்பந்தாடுவர்.

சகோதர சகோதரிகளே! தினாவின் கதையைச் சொல்லுமுன் அவர் ஆடும் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவர் ஆடுவது பெண்கள் இரட்டையர் ஆட்டம். நாற்பத்து நான்கு அடி நீளமும் இருபது அடி அகலமும் கொண்ட களம். நடுவில் ஐந்தடி உயர வலை. வலைக்கு இப்புறம் இருவர், அப்புறம் இருவர். பதினாறு இறகுகள் செருகிய, ஐந்து கிராம் அளவு நிறையுள்ள ஒரு சிறு பந்து. ஒரு செட்டிற்கு 21 புள்ளிகள். மூன்று செட்டுகளில் இரண்டை வெல்பவர் வென்றவர். ஆட்டத்தின் விதி இவ்வளவே.

ஒற்றையர் ஆட்டமே மூத்தது, இரட்டையர் ஆட்டம் பின்னர் வந்த துணை ஆட்டம் என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மை வேறு. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டு தொடங்கிய அகில இங்கிலாந்துப் போட்டியே இவ்விளையாட்டின் பழம்பெரும் போட்டி. அதன் முதலாம் ஆண்டில் ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய மூன்று ஆட்டங்களே நடைபெற்றன. ஒற்றையர் ஆட்டம் அடுத்த ஆண்டுதான் சேர்ந்தது. ஆகவே, பெண்கள் இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டம் இவ்விளையாட்டின் முதல் நாளிலேயே இருந்தது. ஒலிம்பிக்கிற் பூப்பந்தாட்டம் 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் முறையாகச் சேர்க்கப்பட்டபோதும் பெண்கள் இரட்டையர் ஆட்டம் அதில் இடம்பெற்றது.

இருவர் ஒரு களத்தில் நின்று ஆடுவது எவ்வாறு? இதனை விளக்குவதற்கு நான் வெளிநாடு போகவேண்டியதில்லை. நமது வாவிக்கரைக்கு வந்தாற் போதும். விடியற்காலையில் தோணியில் இருவர் மீன்பிடிக்கப் போவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் முன்னணியத்தில் வீச்சுவலையுடன் நிற்பார். மற்றவர் பின்னே நின்று தோணியைச் செலுத்துவார். வலை வீசுபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்த்தால் மீன் போய்விடும். பின்னே நிற்பவர் தோணியை ஆடாமல் வைத்திருப்பார் என்ற நம்பிக்கையிலேயே அவர் உடல் முழுவதையும் வளைத்து வலையை எறிகின்றார். இரட்டையர் ஆட்டமும் இதுவே. அடித்து ஆடும்போது ஒருவர் வலையருகே முன்னே நிற்பார், மற்றவர் பின்னே நின்று ஓங்கி அடிப்பார். எதிரி அடிக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாகப் பிரிந்து களத்தைப் பாதி பாதியாகக் காப்பர். இந்த மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழவேண்டும். இருவருக்கும் நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்பதில் ஒரு கணம் தயங்கினாலும் புள்ளி போய்விடும்.

தினாவின் துணைவீராங்கனை பெர்லி தான் என்பவர். அவர் கெடா மாநிலத்து அலோர் ஸ்டார் நகரில் 2000ஆம் ஆண்டு பிறந்த சீனப்பெண். ஒருவர் தமிழ் வீட்டிலிருந்து வந்தவர், மற்றவர் சீன வீட்டிலிருந்து வந்தவர். தினா வலையருகே விரைவும் நுட்பமும் மிக்கவர். பெர்லி பின்களத்திலிருந்து அடிக்கும் அடி இடி போன்றது. அவர் 2023ஆம் ஆண்டு ஜப்பானிலே அளவிடப்பட்ட ஓர் அடியில் பந்தை மணிக்கு 438 கிலோமீற்றர் வேகத்தில் அனுப்பினார். பெண்கள் அடித்த அடிகளில் மிக விரைவானது என்று அது கின்னஸ் உலக சாதனை நூலிற் பதிவாகியது. இத்தகைய அடியை அடிப்பவருக்கு முன்னாலே, வலையோரம், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர் தினா. பந்து தன் தலையருகே பாய்ந்து செல்லும் என்று தெரிந்தும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. தோணிக்காரரின் நம்பிக்கை அங்கும் இருக்கின்றது.

இவ்விருவரும் உலகின் கண்ணிற் பட்டது 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். கொரோனா நோயினால் உலகமே முடங்கியிருந்த காலம் அது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நடைபெற்ற சுவிஸ் ஓப்பன் போட்டியின் இறுதியாட்டத்தில், பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டோயெவா சகோதரிகளை இவர்கள் எதிர்கொண்டனர். ஒரே வீட்டிற் பிறந்து ஒன்றாகவே ஆடி வளர்ந்த அக்காள் தங்கை இணை அது. தினாவிற்கு அப்போது வயது 23. பெர்லிக்கு 21 வயது நிறையச் சில நாட்கள் இருந்தன. வெற்றி இவர்களுக்கே கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 2022 ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பொதுநலவாய விளையாட்டு விழா நடந்தது. முதலில் கலப்பு அணிப் போட்டி. இறுதியாட்டத்தில் மலேசியா இந்தியாவை 3–1 என்ற கணக்கில் வென்றது. அந்த மூன்றாவது வெற்றியை, அதாவது தங்கத்தை உறுதிசெய்த வெற்றியை, ஈட்டிக் கொடுத்தவர்கள் தினாவும் பெர்லியும். இந்தியாவின் திரீசா ஜோலி, காயத்ரி கோபிசந்த் இணையை அவர்கள் தோற்கடித்தனர். பின்னர் பெண்கள் இரட்டையர் போட்டியிலும் இறுதியாட்டம் வரை வந்து, சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் ஆடிய இங்கிலாந்து இணையை 21–5, 21–8 என்ற புள்ளிகளில் வீழ்த்தித் தங்கப் பதக்கம் பெற்றனர்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட விரும்புகின்றேன். பொதுநலவாய விழாவில் இந்தத் தங்கம் மலேசியப் பெண்களுக்குப் புதியதன்று. 2006ஆம் ஆண்டு மெல்பேர்ணில் சின் ஈ ஹுய், வொங் பெய் டீ இணை அதனைப் பெற்றது. 2014இலும் 2018இலும் வேறு மலேசிய இணைகள் பெற்றன. இடையில் 2010ஆம் ஆண்டு டெல்லியில் இந்தியாவின் ஜுவாலா கட்டா, அஷ்வினி பொன்னப்பா இணை அதனை வென்றது. அந்த இணையே அடுத்த ஆண்டு லண்டனில் நடைபெற்ற உலகப் போட்டியில் வெண்கலம் பெற்று இந்தியப் பெண்களுக்கு ஒரு புதிய வாசலைத் திறந்தது. இதிலிருந்து நாம் அறிவது யாது? தினா ஒரு நாளில் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அவருக்கு முன்னே அக்காமார் பலர் அந்தக் களத்தில் ஆடினர். அவர்கள் ஆடுவதைப் பார்க்கும் வாய்ப்பு அடுத்த தலைமுறைச் சிறுமிகளுக்கு இருந்தது. ஒரு நாட்டிற் பத்தாம் வயதுப் பெண் ஒருத்தி, இருபதாம் வயதுப் பெண் ஒருத்தி ஆடுவதைக் காணவேண்டும். கண்டாற்றான் ஆசை பிறக்கும்.

பெரியோர்களே! இனி நான் சொல்லப்போவது மூன்று முறை பாரிஸ் நகரிற் போட்டியிட்ட கதை. தினாவின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுவே.

முதன்முறை 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். பிரெஞ்சு ஓப்பன் போட்டியின் இறுதியாட்டத்தில், உலகப் பட்டத்தை இருமுறை வென்றிருந்த ஜப்பானின் மாயு மட்சுமோட்டோ, வகானா நகஹாரா இணையை இவர்கள் மூன்று செட்டுகளில் வென்றனர். பெரிய வெற்றி. பத்திரிகைகள் புகழ்ந்தன.

இரண்டாம் முறை 2024ஆம் ஆண்டு. ஒலிம்பிக் விழா. மலேசியாவிலிருந்து பெண்கள் இரட்டையர் ஆட்டத்தில் ஒலிம்பிக் அரையிறுதிக்கு வந்த முதல் இணை என்ற பெருமையை இவர்கள் பெற்றனர். அரையிறுதியிற் சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான் இணையுடன் மூன்று செட்டுகள் போராடித் தோற்றனர். அந்தச் சீன இணையே பின்னர் தங்கம் வென்றது. வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் ஜப்பானின் நமி மட்சுயாமா, சிஹாரு ஷிடா இணையிடமும் இவர்கள் தோற்றனர். நான்காம் இடம்.

நான்காம் இடம் என்றால் என்ன என்று சற்று எண்ணிப் பாருங்கள். மேடையில் மூன்று படிகள் உண்டு. நான்காவது படி இல்லை. உலகத்தில் மூன்று இணைகள் தவிர மற்ற எல்லோரையும்விட மேலே நின்றும், கழுத்தில் ஒன்றும் இல்லாமல் வீடு திரும்பவேண்டும். பரீட்சையில் ஒரு புள்ளியாற் பல்கலைக்கழக அனுமதியை இழந்த பிள்ளைகள் நமது ஊரிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு இந்த வலி தெரியும்.

மூன்றாம் முறை 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். உலகப் பூப்பந்தாட்டப் போட்டி மீண்டும் பாரிஸிலே, முன்னர் ஒலிம்பிக் நடந்த அதே மண்டபத்திலே நடந்தது. ஓராண்டிற்கு முன் எந்தக் களத்திலிருந்து வெறுங்கையுடன் வெளியேறினார்களோ, அதே இடத்திற்குள் இருவரும் மீண்டும் நுழைந்தனர். அந்த ஓராண்டில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் தாய்லாந்து ஓப்பன் பட்டத்தை வென்றிருந்தனர். உலக வரிசையில் இரண்டாம் இடம்வரை உயர்ந்திருந்தனர். பாரிஸில் ஒவ்வொரு சுற்றாக வென்று இறுதியாட்டத்தை அடைந்தனர். உலகப் போட்டியின் பெண்கள் இரட்டையர் இறுதியாட்டத்திற்கு வந்த முதல் மலேசிய இணை இவர்களே. அங்கே சீனாவின் லியூ ஷெங்ஷூ, டான் நிங் இணையிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றனர்.

முடிவில் தங்கம் வென்றனர் என்று சொல்லி இக்கதையை முடித்திருந்தால் உங்களிற் சிலர் கைதட்டியிருப்பீர்கள். நடந்தது வெள்ளி. ஆயினும், நான்காம் இடத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல், அதே துணையுடன் அதே இடத்திற்கு வந்தார்களே, அதுவே என் மனத்தைத் தொட்டது. தோல்விக்குப் பின் துணையை மாற்றுவது இரட்டையர் ஆட்டத்தில் மிகச் சாதாரணம். குறை தன்னிடம் இல்லை, மற்றவளிடம் என்று எண்ணுவது மனித இயல்பு. இதனை நான் நூலிற் படித்து அறியவில்லை. என்னிடமிருந்தே அறிந்தேன்.

நான் ஒரு மிஷன் பாடசாலையிற் கற்றவள். எங்கள் பாடசாலையில் வகுப்பறைக்குப் பின்னாலே, வேப்பமர நிழலில், சீமெந்துக் களம் ஒன்று இருந்தது. அதன் கோடுகள் ஒவ்வோர் ஆண்டும் அழிந்துவிடும். விளையாட்டு ஆசிரியை எங்களைக் கொண்டே வெள்ளை வர்ணம் பூசுவிப்பார். அக்களத்தில் எனக்குத் துணையாக ஆடியவள் படுவான்கரையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை. அவள் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. தகப்பன் வயல் செய்பவர். அவளுக்குச் சொந்தமாக மட்டை கிடையாது. பாடசாலை மட்டையின் நரம்பு அறுந்தால் அவளே முடிச்சுப் போட்டுக் கொள்வாள். அவள் பின்னே நின்று அடிப்பாள், நான் முன்னே நிற்பேன். எங்கள் இருவருக்கும் வயது பதினாறு.

வலயமட்டப் போட்டியின் அரையிறுதியில், மூன்றாவது செட்டில், நாங்கள் 19–19 என்று சமநிலையில் நின்றோம். நடுவில் வந்த ஒரு பந்தை நான் அவளுக்கு விட்டேன், அவள் எனக்கு விட்டாள். பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. நான் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, 'கண் தெரியாதா?' என்று அவளைக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பந்தை அவள் வலையில் அடித்தாள். ஆட்டம் முடிந்தது. பாடசாலைக்குத் திரும்பும் வழியில் நான் வேறு ஆசனத்தில் உட்கார்ந்தேன்.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டபோது, மாலை ஐந்தரைக்குப் பின் பஸ் இல்லை, இருட்டில் தனியே வர வீட்டில் விடுகிறார்கள் இல்லை என்றாள். அது உண்மையே. அதே பஸ்ஸில் அவள் அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் வந்து போனாள் என்பதும் உண்மை. முன்னரெல்லாம் இருள் கவியும் நாட்களில் அவளுடன் பஸ் தரிப்பிடம்வரை நடந்து சென்று, அவள் ஏறும்வரை நிற்பவள் நான். அந்த ஆட்டத்தின் பின் நான் போகவில்லை. பஸ் மாறவில்லை, வீடு மாறவில்லை. மாறியவள் நான். க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பின் அவளுக்குத் திருமணமாகியது. இப்போது ஒரு குழந்தைக்குத் தாய். சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு கோவில் திருவிழாவில் அவளைக் கண்டேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்து, 'அந்தப் பந்து உன்னுடையதுதான், எனக்கு அப்போதே தெரியும்' என்றாள். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். வீட்டிற்கு வந்தபின் எனக்கு அழுகை வந்தது.

சபையோரே! இந்தச் சிறு கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நமது ஊரிற் பெண்பிள்ளைகள் விளையாட்டை விடுவது ஏன் என்று கேட்டால், பெரியவர்களின் தடை என்று இளைஞர் சொல்வர். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று பெரியவர்கள் சொல்வர். நான் கண்டது வேறு. எவரும் 'ஆடாதே' என்று உரத்துச் சொல்வதில்லை. பஸ் இல்லை, வெளிச்சம் இல்லை, துணைக்கு ஆள் இல்லை, மட்டை இல்லை, வகுப்பு இருக்கின்றது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒருநாள் அவள் வராமல் விடுகின்றாள். அவள் வராததை எவரும் கவனிப்பதும் இல்லை. பதினைந்து, பதினாறு வயதில் இது நடக்கின்றது. தினா பதினாறு வயதில் ஆட்டத்தை விட்டிருந்தால் அவர் யார் என்று உலகிற்குத் தெரிந்திராது. நமது படுவான்கரையில் அவ்வாறு விட்டவர்கள் யார் யார் என்று இன்று நமக்குத் தெரியாது.

சில பெரியவர்கள் என்னிடம் நேராகவே கேட்டிருக்கின்றனர். 'மகள், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒலிம்பிக் போகப் போகிறார்களா? படிப்பு அல்லவா சோறு போடும்?' என்று. நியாயமான கேள்வி. போர்க்காலத்திலும் சுனாமியின் பின்னும் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் நீங்கள். படிப்பின் அருமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் மறுமொழி இது. எல்லோரும் ஒலிம்பிக் போகமாட்டார்கள். பெரும்பாலும் ஒருவரும் போகமாட்டார்கள். ஆனால் தோற்றபின் துணையை விடாமல் இருப்பது, நடுவில் விழும் பந்திற்கு 'என்னுடைய பிழை' என்று முதலிற் சொல்வது, முதுகை நம்பிக் கொடுப்பது ஆகிய இவற்றை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் கற்கவில்லை. களத்திற் பிழைவிட்டே கற்றேன். இன்னும் நான்கு ஆண்டுகள் ஆடியிருந்தால் ஒரு தோழியை இழக்காமல் கற்றிருப்பேன்.

நமது முன்னோர் விளையாட்டை வீண்பொழுது என்று எண்ணியவர்களல்லர். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்புமுறித்து விளையாடிய மண் இது. அதனை அவர்கள் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு சேர்த்து வைத்தனர். ஊர் முழுவதும் கூடிநின்ற விளையாட்டு அது. ஆகவே, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஊர்ப்பெரியவர்கள் வந்து நிற்பது நமக்குப் புதிய வழக்கமன்று. மறந்துபோன வழக்கம்.

இனி, மன்றத்தின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கின்றேன். நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்தின் நிலத்தைக் கதிரைகளை நகர்த்திப் பாருங்கள். பூப்பந்தாட்டக் கோடுகள் இருக்கின்றன. வாரத்தில் ஏழு மாலையும் என் சகோதரர்கள் இங்கே ஆடுகின்றனர். அதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த ஏழில் இரண்டு மாலைகளைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தருமாறு கேட்கின்றேன். நாலரை மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிப்போம். அந்த நேரத்தில் தாய்மாரில் இருவர் முறைவைத்து வந்து இங்கே உட்கார்ந்திருக்கட்டும். அவர்கள் காவலுக்கு வருவதாக எண்ணவேண்டாம், பார்வையாளராக வரட்டும். கைதட்டுவதற்கும் ஆள் வேண்டுமே!

இறகுப் பந்து விலை கூடியது, விரைவில் உடைந்தும் போகும். பழகுவதற்கு நைலோன் பந்து போதும். நாலைந்து மட்டைகளை மன்றம் வாங்கி வைத்தால், மட்டை இல்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளையும் வாசலில் நிற்கமாட்டாள். பழக்கிக் கொடுக்க நானும், என்னுடன் படிக்கும் தோழி ஒருத்தியும் விடுமுறை நாட்களில் வருவோம். மற்ற நாட்களில் உயர்தர வகுப்பு மாணவிகள் சின்னப்பிள்ளைகளைப் பழக்கலாம். அக்காமார் ஆடுவதைத் தங்கைமார் காணட்டும்.

கடைசியாக, வீட்டிற்குப் போகும் வழி. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. வாவிக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகள் ஒருவருமே தனியே போகக்கூடாது. அந்த இரண்டு மாலைகளிலும் ஓர் ஓட்டோவை மன்றச் செலவில் ஒழுங்கு செய்யலாம். அது முடியாவிட்டால், பஸ் தரிப்பிடம்வரை இருவர் சேர்ந்து நடந்து, கடைசிப் பிள்ளை பஸ் ஏறும்வரை நிற்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை. நான் ஒருகாலத்திற் செய்து, பின் செய்யாமல் விட்ட வேலை அது. அந்தப் பொறுப்பில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

செயலாளர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கின்றார். முடித்துவிடுகின்றேன்.

தினா முரளிதரன் என்ற கிள்ளான் பெண், பெர்லி தான் என்ற அலோர் ஸ்டார் பெண்ணுக்கு முன்னே, முதுகைக் காட்டி நின்று உலகத்தை எதிர்த்து ஆடுகின்றார். வென்றபோதும் இருவர், நான்காம் இடத்தில் நின்றபோதும் இருவர், வெள்ளி பெற்றபோதும் இருவர். நமது பெண்பிள்ளைகளுக்கும் பின்னே நிற்க ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் இந்த மன்றம் நிற்கவேண்டும் என்று கேட்டு, புன்னகையை இன்னும் வைத்திருக்கும் முன்வரிசையினருக்கு நன்றி கூறி அமர்கின்றேன்.